பூனை ஏன் சீறுகிறது?



தோட்டப்புறத்தில் பூனை இல்லாத வரிசை வீடுகளைக் காண்பது அரிது. ரப்பர் தோட்டமானாலும் செம்பனைத் தோட்டமானாலும் எலி இருக்கிறது. எலி இருக்கும் இடத்தில் பூனைக்கும் ஓர் இடம் உண்டு. அரிசி மூட்டையை எலி கடிக்காமல் காப்பதும், எலியைத் தேடிப் பாம்பு வருவதைக் குறைப்பதும் அதன் வேலை. ஆகவே, பூனையை நாம் செல்லத்திற்காக மட்டும் வளர்ப்பதில்லை. அதுவும் நம்மைப் போல ஒரு தொழிலாளிதான்.

ஆனால் அதே பூனை, மடியில் சுகமாகப் படுத்திருக்கும்போதே திடீரென்று கையைக் கடிக்கிறது. தவழும் குழந்தையின் கன்னத்தைப் பிராண்டிவிடுகிறது. உடனே விளக்குமாறு வெளியே வருகிறது. அடி விழுகிறது. அதற்கும் அடங்காவிட்டால், சாக்கில் போட்டுக் கட்டி, மோட்டார் சைக்கிளில் ஏற்றி, அடுத்த டிவிஷனில் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் இரண்டு நாள் அழுகிறார்கள். அடுத்த மாதம் வேறொரு குட்டி வருகிறது. அதுவும் வளர்ந்ததும் பிராண்டுகிறது. காரணத்தை அறியாத வரையில் இந்தக் கதைக்கு முடிவே இல்லை.

பூனை ஏன் சீறுகிறது, ஏன் கடிக்கிறது, அதை எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். கூடவே, கடித்துவிட்டால் உடனே செய்ய வேண்டியது என்ன என்பதையும் கவனிப்போம். அது உயிரைக் காக்கும் விஷயம் என்பதால், தாய்மார்கள் அதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பூனைக்கு வஞ்சம் கிடையாது. 'நேற்று மீன் கொடுக்கவில்லை, அதனால் இன்று கடித்தது' என்று நாம் நினைப்பது மனிதப் புத்தி. பூனை கடிப்பதற்குப் பின்னால் எப்போதும் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அது பயமாக இருக்கலாம், வலியாக இருக்கலாம், விளையாட்டாக இருக்கலாம், தன் எல்லையைக் காக்கும் எண்ணமாக இருக்கலாம், அல்லது குட்டியைக் காக்கும் தாய்மையாக இருக்கலாம். எந்தக் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விளையாட்டிலிருந்து தொடங்குவோம். குட்டிப்பூனை பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையில் உள்ள காலம் மிகவும் முக்கியமானது. மனிதர்கள் நம்பத்தக்கவர்கள் என்று அது கற்றுக்கொள்வது அந்தக் காலத்தில்தான். அதன் பிறகு தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் கட்டிப் புரளும்போது இன்னொரு பாடம் நடக்கிறது. ஒரு குட்டி பலமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிப் போகும். விளையாட்டு நின்றுவிடும். இப்படித்தான் மெதுவாகக் கடிக்க வேண்டும், நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் குட்டி படித்துக்கொள்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? கண் திறந்து நாலைந்து வாரம் ஆனதுமே, 'அழகாயிருக்கிறது' என்று தாயிடமிருந்து பிரித்துத் தூக்கி வந்துவிடுகிறோம். பின்லாந்து நாட்டில் ஏறத்தாழ 5,700 பூனைகளைப் பற்றி ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு, எட்டு வாரத்திற்கு முன்பே தாயைப் பிரிந்த பூனைகளிடம் மூர்க்கம் அதிகம் என்று காட்டியது. தாயிடம் படிக்க வேண்டிய பாடத்தைப் படிக்காமல் வந்த குட்டி அது. ஆகவே, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தால், குறைந்தது எட்டு வாரம், முடிந்தால் பன்னிரண்டு வாரம் பொறுத்து வாங்குங்கள். அதுவரை பிள்ளைகள் தினமும் போய்ப் பார்த்து, மெதுவாகத் தடவிப் பழகி வரலாம்.

குட்டி வந்த பிறகு நாம் செய்யும் இரண்டாவது தவறு, வெறுங்கையை ஆட்டி விளையாட்டுக் காட்டுவது. சின்னக் குட்டி விரலைக் கவ்வினால் கூச்சமாக இருக்கும், வீட்டார் சிரிப்பார்கள். ஆறு மாதம் கழித்து அதே பூனை அதே விரலைக் கவ்வினால் இரத்தம் வரும். மனிதனின் கை என்பது கடிப்பதற்குரிய பொருள் என்று பழக்கியவர்கள் நாமே அல்லவா?

இதற்குக் காசு செலவில்லாத மாற்று உண்டு. நீளமான குச்சி ஒன்றின் நுனியில் கயிற்றைக் கட்டி, அதில் கோழி இறகையோ துணித்துண்டையோ முடிந்து, தரையில் இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். கைக்கும் பல்லுக்கும் இடையே மூன்று முழம் தூரம் இருக்கட்டும். விளையாட்டு முடிந்ததும் கயிற்றை எடுத்து மறைத்துவிட வேண்டும். கயிறு, நூல், ரப்பர் வளையம் ஆகியவற்றைப் பூனை விழுங்கினால் குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

இங்கே தோட்ட வாழ்க்கைக்குரிய ஒரு சங்கதியையும் சொல்ல வேண்டும். பூனைக்கு வேட்டைச் சுறுசுறுப்பு மிகுதியாக இருக்கும் நேரம் விடியற்காலையும் அந்தி மாலையும். நாம் பெரட்டுக்குப் புறப்படுவதும் விடியற்காலையில்தான். அரை இருட்டில் கைலியும் காலும் அசைவதைப் பார்த்தவுடன், கட்டிலுக்கு அடியிலிருந்து பாய்ந்து கணுக்காலைக் கவ்வுகிறது பூனை. இது கோபமன்று, வேட்டை விளையாட்டு. இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் இறகுக் குச்சியால் ஓடவிட்டு, அதன் பின் சோறு வையுங்கள். ஓடிப் பிடித்து, உண்டு, உடம்பைத் துடைத்து, உறங்குவது பூனையின் இயற்கையான ஒழுங்கு. சில நாட்களில் காலைப் பாய்ச்சல் குறைவதைக் காண்பீர்கள்.

அடுத்தது, தடவிக்கொண்டிருக்கும்போதே கடிப்பது. 'நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று கடித்துவிட்டது' என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் பூனை திடீரென்று கடிப்பதில்லை. முன்கூட்டியே சொல்லித்தான் கடிக்கிறது. நமக்குத்தான் அதன் பாஷை புரிவதில்லை.

வாலை இப்படியும் அப்படியும் வீசுவது, காதுகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பின்னால் மடிப்பது, முதுகுத் தோல் சிலிர்த்து ஓடுவது, 'குர்குர்' என்ற ஓசை நின்றுபோவது, கண்மணி விரிவது, தலையைச் சட்டென்று கையின் பக்கம் திருப்புவது ஆகிய யாவும் 'போதும், நிறுத்து' என்பதற்கு அடையாளம். நம் நாட்டுப் பூனைகளில் பலவற்றுக்கு வால் குட்டையாகவோ முடிச்சு விழுந்தோ இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது பிறவி அமைப்பு. கதவில் நசுங்கியதன்று. அத்தகைய பூனையிடம் வால் வீசுவது அவ்வளவாகத் தெரியாது. எனவே அதன் காதையும் முதுகுத் தோலையும் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஓர் எளிய விதியைச் சொல்லிக் கொடுங்கள். பூனை தானாக வந்தால் தடவலாம், தேடிப் பிடித்துத் தூக்கக் கூடாது. கன்னத்தையும் தாடைக்கு அடியையும் தடவலாம், வயிற்றைத் தொடக் கூடாது. ஐந்து எண்ணும் வரை தடவிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். பூனை மீண்டும் கையில் வந்து உரசினால் தொடரலாம், சும்மா இருந்தால் விட்டுவிட வேண்டும். சாப்பிடும் பூனை, தூங்கும் பூனை, குட்டிக்குப் பால் கொடுக்கும் பூனை ஆகிய மூன்றின் அருகிலும் போகவே கூடாது. தவழும் குழந்தையையும் பூனையையும் தனியே ஓர் அறையில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போவது அறவே கூடாது. குழந்தையின் முகம் பூனையின் உயரத்தில் இருக்கிறது. நகம் பட்டால் கண்ணில் படும்.

மூன்றாவது காரணம் பயம். மூலையில் ஒதுங்கி, உடம்பைக் குறுக்கி, காதை மடித்து, பல்லைக் காட்டிச் சீறும் பூனை சண்டைக்கு வரவில்லை. 'என்னை விட்டுவிடு' என்று மன்றாடுகிறது. ஓட வழியிருந்தால் ஓடிவிடும். வழியை நாம் மறைத்துக்கொண்டு நின்றால்தான் பாயும். ஆகவே, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் மெதுவாகப் பின்வாங்கி, கதவைத் திறந்துவிடுங்கள். வீட்டில் உயரமான இடம் ஒன்றைப் பூனைக்கென்று ஒதுக்குவதும் நல்லது. அலமாரியின் மேல் ஒரு பழைய சாக்கோ, அட்டைப்பெட்டியோ போதும். பிள்ளைகளின் கூச்சல் அதிகமாகும்போது ஏறிப் படுத்துக்கொள்ள இடமிருந்தால் அது யாரையும் கடிக்க வேண்டிய தேவை இராது.

'அடியாத மாடு படியாது' என்று நம்மில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பழமொழி பூனைக்குச் சற்றும் பொருந்தாது. அடிபட்ட பூனை, 'கடித்ததனால் அடி விழுந்தது' என்று புரிந்துகொள்வதில்லை. 'இந்த மனிதரின் கை ஆபத்தானது' என்று மட்டுமே புரிந்துகொள்கிறது. அடுத்த முறை அந்தக் கை தடவ வந்தாலும் முந்திக்கொண்டு பிராண்டும். அடி கூடக் கூடக் கடியும் கூடும். பூனை கடித்தால் சரியான தண்டனை, விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவதுதான். தாய்ப்பூனையின் வகுப்பில் மற்றக் குட்டிகள் கொடுத்த அதே தண்டனை அது. மேலும், பிராணிகளைக் கொடுமைப்படுத்துவது சட்டப்படி குற்றம். 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்கீழ் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நான்காவது, இடம் மாறிய கோபம். இது பலரையும் குழப்புவது. நம் வீட்டுப் பூனை ஜன்னலில் உட்கார்ந்து வெளியே பார்க்கிறது. ஐந்தடிக்கு அப்பால் வேற்றுக் கடுவன் ஒன்று நிற்கிறது. நம் பூனைக்கு உடம்பெல்லாம் கொதிக்கிறது, ஆனால் அதைப் போய்ப் பிடிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் சின்னப் பிள்ளை ஒன்று முதுகில் கை வைத்தால், கோபம் முழுவதும் அந்தப் பிள்ளையின் மேல் இறங்கிவிடுகிறது. கிராணியிடம் பேச்சு வாங்கிய மனிதர் வீட்டுக்கு வந்து பிள்ளையை அதட்டுவதில்லையா? அதைப் போலத்தான் இதுவும். இப்படிக் கொதித்திருக்கும் பூனை அடங்கச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதைத் தூக்காதீர்கள், சமாதானம் செய்யாதீர்கள். விளக்கை அணைத்து, அறைக் கதவைச் சாத்தி, தண்ணீர் வைத்துத் தனியே விட்டுவிடுங்கள்.

இரண்டு பூனைகள் கட்டிப் புரண்டு சண்டையிடும்போது கையை நுழைப்பது கூடவே கூடாது. தட்டைத் தட்டி ஓசை எழுப்பலாம், தண்ணீரை வீசலாம், அட்டையோ முறமோ இருந்தால் நடுவில் செருகலாம். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பூனைகள் இருந்தால் ஒரே தட்டில் சோறு வைக்காமல், தட்டுகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். பாதிச் சண்டை தட்டோடு தீர்ந்துவிடும்.

இரவில் தகரக் கூரைமேல் கடுவன்கள் அலறிச் சண்டையிடுவது தோட்டத்தில் எல்லார் தூக்கத்தையும் கெடுக்கும் தொல்லை. இதற்கு நிலையான மருந்து கருத்தடை அறுவை ஒன்றுதான். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், வளர்ந்த கடுவன்களுக்கு இந்த அறுவையைச் செய்தபின், சண்டையும் ஊர் சுற்றுவதும் சுவரில் மூத்திரம் பீய்ச்சுவதும் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பூனைகளிடம் குறைந்துவிட்டன. ஐந்து, ஆறு மாத வயதில் செய்துவிடுவது நல்லது. பெண் பூனைக்கும் செய்தால், ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றுக் குட்டிகளை என்ன செய்வது என்ற கவலை இல்லை. செலவை நினைத்துத் தயங்குவோர், மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம். பிராணி வதைத் தடுப்புச் சங்கங்கள் சிலவும் குறைந்த கட்டணத்தில் செய்து தருகின்றன. வரிசையில் உள்ள நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் வண்டி பிடித்துக் கொண்டுபோனால் போக்குவரத்துச் செலவும் குறையும்.

ஐந்தாவது, தாய்மை. விறகுக் குவியலிலோ துணிக் கூடையிலோ குட்டி போட்ட பூனை, நேற்று வரை மடியில் கிடந்ததாக இருந்தாலும், இன்று நம்மைப் பார்த்து உறுமும். அது அதன் கடமை. அமைதியான இடத்தில் அட்டைப்பெட்டி வைத்து, சோறும் தண்ணீரும் அருகே வைத்துவிட்டு ஒதுங்கியிருங்கள். குட்டிகள் வளர்ந்து பால் மறக்கத் தொடங்கும்போது இந்தச் சீற்றம் தானே தணிந்துவிடும்.

ஆறாவது காரணமே மிக முக்கியமானது. அதுதான் வலி. சாதுவாக இருந்த பூனை ஒரு நாள் திடீரென்று குணம் மாறினால், அதை நோய் என்றே முதலில் எண்ண வேண்டும். சண்டையில் பட்ட கடிக்காயம் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். பல் சொத்தையாக இருக்கலாம். மூத்திரம் போக முடியாமல் தவிக்கலாம். கடுவன் பூனை திரும்பத் திரும்ப முக்கியும் மூத்திரம் வராவிட்டால், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும், மறுநாள் வரை தாங்காது. வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். மனிதனுக்கு மருந்தாகும் அந்த மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒரே ஒரு மாத்திரையே உயிரைப் போக்கிவிடும்.

இனி, கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பார்ப்போம்.

பூனையின் பல் ஊசி போன்றது. வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கிருமியோ ஆழத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். மேலே தோல் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் பிடிக்கும். அதனால்தான் நாய்க்கடியைவிடப் பூனைக்கடி சீழ்ப்பிடிப்பது அதிகம். விரல் மூட்டிலும் மணிக்கட்டிலும் பட்ட கடி மிகவும் ஆபத்தானது. கவனிக்காமல் விட்டால் விரலை மடக்க முடியாமலே போகலாம். பால் மரம் சீவுகிறவருக்கும் குலை அறுக்கிறவருக்கும் கைதானே சோறு போடுகிறது?

கடித்தவுடன், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் அப்பாதீர்கள். பிறகு அன்றைக்கே மருந்தகத்துக்குப் போய்க் காட்டுங்கள். இரணஜன்னி ஊசி தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள். காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலும், சிவப்புக் கோடு கையில் மேலே ஏறினாலும், காய்ச்சல் கண்டாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. இனிப்பு நீர் உள்ளவர்கள், முதியோர், சிறு குழந்தைகள் ஆகியோருக்குச் சிறு பிராண்டலும் பெரிய காயமே.

நம் நாட்டில் பூனைகளிடமிருந்து பரவும் ஒரு பூசண நோயும் உண்டு. ஸ்போரோதிரிக்ஸ் என்பது அந்தப் பூசணத்தின் பெயர். மூக்கிலும் பாதத்திலும் ஆறாத புண் உள்ள பூனை பிராண்டினால், சில வாரங்களில் அந்த இடத்தில் கட்டி எழும்பி உடைந்து, கையில் வரிசையாக மேலே ஏறும். மருத்துவரிடம், 'பூனை பிராண்டியது' என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் நோயைக் கண்டுபிடிக்க உதவும். மருந்தினால் குணமாகும்.

கடைசியாக வெறிநோய். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடம் இந்நோய் தலைகாட்டியது. 2017ஆம் ஆண்டு முதல் சரவாக்கில் பரவி, மனித உயிர்களையும் பலிகொண்டிருக்கிறது. அங்கே பூனைகளும் இந்நோய்க்கு ஆளாகியிருக்கின்றன. எந்தக் காரணமும் இல்லாமல் ஓடிவந்து கடிக்கும் பூனை, குரல் மாறி, எச்சில் ஒழுக, பின்னங்கால் தள்ளாடும் பூனை ஆகியவற்றைத் தொடாதீர்கள். அடித்துக் கொல்லவும் போகாதீர்கள். கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லியனுப்புங்கள். நோய்க்குறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து பிழைப்பவர் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் கடித்த உடனே கழுவி, மருத்துவர் சொல்லும் தடுப்பூசிகளை முறையாகப் போட்டுக்கொண்டால் தப்பிவிடலாம். 'அடி விழுமே' என்று பயந்து பூனை கடித்ததை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. 'கடித்தால் என்னிடம் சொல், ஏச மாட்டேன்' என்று இன்றைக்கே உங்கள் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

அன்பர்களே, வேறு டிவிஷனில் விடப்பட்ட பூனைக்கு அங்கே சொந்த எல்லை இல்லை. அங்குள்ள பூனைகள் விரட்டும். பசியும் புண்ணுமாகத் திரிந்து, முன்னைவிட மூர்க்கமாகி, அந்த வரிசைப் பிள்ளைகளைப் பிராண்டும். நம் தொல்லையை இன்னொரு தொழிலாளியின் வாசலில் இறக்கி வைத்ததாகத்தான் முடியும். அதைவிட, இன்று மாலை வேலை முடிந்து வந்து, ஐந்து நிமிடம் உங்கள் பூனையை உட்கார்ந்து கவனியுங்கள். எப்போது சீறுகிறது, யாரிடம் சீறுகிறது, அதற்கு முன் காது எப்படி இருந்தது என்று பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். வாயில்லாப் பிராணி சொல்வதைக் கேட்கப் பழகிய பிள்ளை, மனிதர் மனத்தையும் அறிந்து நடக்கும்.